தொலைதூரப் பூங்காவின் இணையக் கேமராவும் நேர வேறுபாடும்

இணையக் கேமரா வழியாகத் தொலைவிலுள்ள பூங்காவைப் பார்க்கும்போது, பார்ப்பவரின் கடிகாரம் காட்டும் நேரமும் பூங்காவின் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. நெய்வேலியில் காலை 10 மணிக்கு அமெரிக்காவின் எல்லோசுடோன் தேசியப் பூங்காவைத் திறந்தால் திரை இருட்டாக இருக்கும். கேமரா பழுதாகியிருக்க வேண்டியதில்லை. அங்கே அப்போது முந்தைய நாள் இரவு.

காரணம்

புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்தியத் திட்ட நேரம் கிழக்கு 82½ பாகை தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. கிரீன்விச் நேரத்தைவிட 5½ மணி முன்னே உள்ளது. நெய்வேலி ஏறத்தாழ 79½ பாகையில் இருப்பதால், அங்கே சூரியன் உச்சிக்கு வரச் சராசரியாக 12 நிமிடம் கூடுதலாகும். ஆனால் நாடு முழுவதற்கும் கடிகார நேரம் ஒன்றே.

மாறும் வேறுபாடு

எல்லோசுடோன் கிரீன்விச் நேரத்துக்கு 7 மணி பின்தங்கியது. எனவே நெய்வேலியுடன் வேறுபாடு 12½ மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பதால் வேறுபாடு 11½ மணியாகக் குறையும். இந்தியாவில் இவ்வழக்கம் இல்லை.

இந்த ஒரு மணி முக்கியமானது. பூங்காவின் புகழ்பெற்ற ‘ஓல்டு ஃபெய்த்புல்’ வெந்நீர் ஊற்று ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை, சில நிமிடங்களே பீச்சியடிக்கும். அடுத்த பீச்சலின் உத்தேச நேரத்தைப் பூங்கா தன் உள்ளூர் நேரத்திலேயே அறிவிக்கிறது. கணக்குத் தவறினால் காட்சி முடிந்திருக்கும்.

எளிய கணக்கு

பூங்கா நேரத்தின் முற்பகலைப் பிற்பகலாகவும், பிற்பகலை மறுநாள் முற்பகலாகவும் மாற்ற வேண்டும். பின்னர்,

* குளிர்காலத்தில் அரை மணி கூட்டவும்: பூங்காவில் காலை 10.00 என்றால் நெய்வேலியில் இரவு 10.30.
* கோடைக்காலத்தில் அரை மணி கழிக்கவும்: பூங்காவில் காலை 10.00 என்றால் நெய்வேலியில் இரவு 9.30. பூங்காவில் மாலை 6.00 என்றால் நெய்வேலியில் மறுநாள் காலை 5.30.

ஜூலையில் பூங்காவில் ஏறத்தாழ காலை 6 முதல் இரவு 9 வரை வெளிச்சம் இருக்கும். அது நெய்வேலியில் மாலை 5.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை.

கவனிக்க வேண்டியவை

சில கேமராக்கள் நேரலைக்குப் பதிலாக, இடைவெளிவிட்டுப் புதுப்பிக்கப்படும் நிலைப்படங்களைக் காட்டும். படத்தின் ஓரத்தில் நேரமும் நாளும் இருந்தால் முதலில் அவற்றைப் பார்த்துவிட்டுக் கணக்கிடுவது நல்லது.