பள்ளிப் பிள்ளைகளின் கண்ணும் ஒரு வைத்தியரின் ஆராய்ச்சியும்

திருத்துறைப்பூண்டியில் பள்ளி வேனிலிருந்து இறங்கும் பிள்ளைகள், ஊரின் நாற்புறமும் சம்பா வயல்கள் விரிந்து கிடக்க, அந்தப் பக்கம் முகம் திருப்பவும் அவகாசமின்றி டியூஷன் வீடுகளுக்குள் புகுந்து, இருட்டிய பின்பே வெளிவருவதைக் காணும்போதெல்லாம், டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ராஜேந்திர பிரசாத் கண் சிகிச்சை மையத்துப் பேராசிரியர் டாக்டர் ரோஹித் சக்சேனாவின் கிட்டப்பார்வை ஆராய்ச்சி எனக்கு நினைவுக்கு வருகிறது.

வளர்பிராயத்தில் கண்கோளம் முன்பின்னாக அளவுக்கு மீறி நீண்டுவிட, தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னதாகவே குவிந்துவிடுவதுதான் கிட்டப்பார்வை. நீண்ட கண் மறுபடி குறுகுவதில்லை. சாதாரணக் கண்ணாடி பிம்பத்தை உரிய இடத்தில் விழச்செய்யுமேயன்றி நீட்சியைத் தடுக்காது. நீட்சி மிகுந்துவிட்டாலோ, பிற்காலத்தில் விழித்திரை விலகிப் பார்வைக்கே அபாயம் நேரவும் கூடும்.

மாறுகண்ணுக்கும் குழந்தைகளின் கண்ணோய்களுக்கும் சிகிச்சை செய்துவரும் சக்சேனா, கண்ணாடி எழுதிக் கொடுப்பதோடு தம் கடமை தீர்ந்ததென்று இராமல், சகாக்களுடன் டில்லிப் பள்ளிகளில் 9,884 பிள்ளைகளின் கண்களைச் சோதித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. அரசுப் பள்ளிகளைவிடத் தனியார் பள்ளிகளிலும், நாள்தோறும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் படிப்பவர்களிடத்திலும் அது அதிகம். நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடியவர்களிடத்தில் குறைவு.

படிப்பையே குற்றவாளியாக்கிவிடலாமா? நம் டெல்டாக் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவினர் வாழும் சிங்கப்பூரிலும், ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும், ஆறேழு வயதுச் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டு 2008-ல் வெளியான ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. சிட்னிக் குழந்தைகள் அதிகமாகவே புத்தகம் படித்தும், அவர்களுள் நூற்றுக்கு மூவருக்கே இக்குறை. சிங்கப்பூரிலோ இருபத்தொன்பது பேருக்கு. சிட்னியில் வாரத்துக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேலும், சிங்கப்பூரில் ஏறக்குறைய மூன்று மணி நேரமுமே அவர்கள் வெட்டவெளியில் இருந்தார்கள். சில நூறு லக்ஸ் அளவே உள்ள வகுப்பறை வெளிச்சத்துக்கும், பத்தாயிரத்தைத் தாண்டும் பகல் வெளிச்சத்துக்கும் உள்ள தாரதம்மியம் சாமானியமானதன்று. அந்தப் பிரகாசத்தில் விழித்திரை சுரக்கும் டோபமின் என்னும் ரசாயனம் கண்ணின் நீட்சியை மட்டுப்படுத்துகிறது என்பதே விஞ்ஞானிகள் பெரிதும் ஏற்கும் விளக்கம். சீனாவின் குவாங்சோவில், தினமும் நாற்பது நிமிஷம் கூடுதலாக வெளியே விடப்பட்ட ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடையே மூன்று வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை கண்டவர்கள் நூற்றுக்கு முப்பது. விடப்படாதவர்களில் முப்பத்தொன்பதுக்கும் மேல். ஆதலால், பரீட்சையைக் காரணம் காட்டி விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை, பிள்ளைகளின் க்ஷேமத்துக்கு விரோதமானதென்றே நான் கருதுகிறேன்.

குறை வந்துவிட்ட பிள்ளைகளுக்கும் வழியில்லாமல் இல்லை. சிங்கப்பூர் வைத்தியர்கள் பரிசோதித்த மிக நீர்த்த அட்ரோபின் சொட்டு மருந்தை, சக்சேனாவும் சகாக்களும் இந்தியக் குழந்தைகளுக்கு இட்டுப் பார்த்து, ஒரு வருஷத்தில் குறையின் வளர்ச்சி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக 2021-ல் வெளியிட்டார்கள். அளவையும் காலத்தையும் கண் வைத்தியரே நிர்ணயிக்க வேண்டிய மருந்து அது. ஆனால் எந்தச் சிகிச்சைக்கும் குறையை முதலில் கண்டறிய வேண்டுமே. கரும்பலகையைப் பாராமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளையை மந்தபுத்தி என்று தீர்ப்பளிக்குமுன், ஆசிரியர் பெற்றோரை அழைத்து, கண்ணைச் சோதித்து வரும்படி சொல்லவேண்டும்.