குளத்தில் ஓடும் 'நீலகிரி'!

மும்பை மஜ்காவ் கப்பல் கட்டும் தளத்தில் உருவான 'நீலகிரி' போர்க்கப்பல் 2025ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி கடற்படையில் சேர்க்கப்பட்டது. நம் ஊர் மலையின் பெயர் தாங்கிய கப்பல். இதே தளத்தில் கட்டப்பட்டு, 1972இல் சேர்ந்து 1996இல் ஓய்வு பெற்ற பழைய 'நீலகிரி'யின் பெயர்தான் இதற்கும் வைக்கப்பட்டது. புதிய கப்பலின் நீளம் 149 மீட்டர். எடை சுமார் 6,670 டன்.

இப்படிப்பட்ட கப்பலுக்கு வெல்டிங் வைத்தவரும் குழாய் பொருத்தியவரும், அது கடலுக்குப் போனபின் தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி. சுக்கானைத் தொடும் பாக்கியம் அவர்களுக்கு இல்லை.

ஆனால் அதே கப்பலை நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கி, வீட்டிலேயே கட்டி, ஞாயிற்றுக்கிழமை குளத்தில் விட்டு ஓட்டலாம். மாதிரிப் படகு கட்டுவது பல நாடுகளில் சங்கம் வைத்து நடத்தும் பொழுதுபோக்கு.

"இது குழந்தை விளையாட்டு அல்லவா சார்?" என்று எங்கள் பார்சல் ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார். கணக்கைக் கேட்டபின் அவர் சிரிக்கவில்லை.

எடை எவ்வளவு?

நீளத்தை நூறாகப் பிரித்தால் ஒன்றரை மீட்டர். எடையையும் நூறாகப் பிரித்தால் 66 டன் ஆகிறதே! அப்படியல்ல. நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறில் ஒன்றாகின்றன. எனவே எடையைப் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது ஆறே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உடல், மோட்டார், பேட்டரி, பெயின்ட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கூடினால் படகு அளவுக்கு மேல் அமிழும். குறைந்தால் தக்கை போல் மிதந்து ஆடும். அதனால்தான் அடியில் ஈயக் குண்டுகளை வைத்துச் சரிக்கட்டுகிறார்கள்.

வேகத்தின் கணக்கு இன்னும் சுவையானது. வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேய என்ஜினீயர் 1870களின் தொடக்கத்தில் டார்கே என்ற ஊரில் நீண்ட தண்ணீர்த் தொட்டி கட்டி, மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து இதை ஆராய்ந்தார். சுருக்கிய அளவின் வர்க்கமூலத்தால் வேகத்தை வகுக்க வேண்டும். நூறின் வர்க்கமூலம் பத்து. நிஜ 'நீலகிரி' 28 நாட் வேகம் போகும் என்றால், மாதிரி 2.8 நாட் போக வேண்டும். அதாவது மணிக்கு 5 கிலோமீட்டர். கரையில் ஒரு மனிதர் கொஞ்சம் எட்டி நடந்தால் கப்பல் கூடவே வரும்! அந்த வேகத்தில்தான் முகப்பில் எழும் அலை நிஜக் கப்பலின் அலை போலவே இருக்கும். பலர் வலுவான மோட்டாரை வைத்து விரட்டுகிறார்கள். என் கண்ணுக்கு அது கப்பலாகத் தெரியவில்லை, தண்ணீரில் விழுந்த எலியாகத்தான் தெரிகிறது.

மாதிரியைச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. குளத்தில் 5 சென்டிமீட்டர் அலை எழுந்தால் இந்தக் கப்பலுக்கு அது 5 மீட்டர் அலை. அதனால் மேல்தளமும் கோபுரமும் மெல்லிய பலகையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் அமைய வேண்டும். அழகுக்காக மேலே கனம் ஏற்றியவர் படகு முதல் காற்றிலேயே கவிழும்.

கட்டும் முறை நம் கடலோரத் தச்சர்கள் அறிந்ததுதான். அடியில் ஏரா மரம், அதன்மேல் வங்குகள், அவற்றின்மேல் மெல்லிய பட்டைகள். பின்புறம் பித்தளைக் குழாயில் கிரீஸ் நிரப்பி அதனுள் விசிறித் தண்டைச் செருகினால் தண்ணீர் உள்ளே புகாது.

தொழிலாளர் சங்கம்

லண்டனின் கிழக்குப் பகுதி துறைமுகத் தொழிலாளரும் தச்சரும் நெருக்கமாக வாழ்ந்த இடம். அங்குள்ள விக்டோரியா பூங்காவில் 1904இல் மாதிரி நீராவிப் படகுச் சங்கம் ஒன்று தொடங்கியது. நூறாண்டு தாண்டியும் நடக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் கொதிகலன், ஸ்பிரிட் விளக்கு, சின்னப் பிஸ்டன்.

அவர்கள் நடத்தும் ஒரு போட்டிக்கு ரேடியோ கிடையாது. சுக்கானைப் பொருத்தி, எதிர்க்கரையில் மிதக்கும் குறிகளுக்குக் குறிபார்த்துப் படகை விடுவார்கள். நடு இடைவெளியில் நுழைந்தால் அதிகப் புள்ளி. கைவிட்ட பிறகு காற்றைக் கும்பிடுவது தவிர வேறு வழியில்லை. இன்னொரு ரகத்தார் வேகப் பித்தர்கள். படகைக் கம்பியால் நடுக்கம்பத்தில் கட்டி வட்டமாகச் சுழலவிட்டு, மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் விரட்டுவார்கள்.

ரேடியோ படகுகள் வந்தபோது ஒரு சங்கடம். ஒரே அலைவரிசையில் இருவர் ஓட்டினால் ஒருவர் திருப்ப, மற்றவர் படகு திரும்பும். அதற்குச் சங்கங்கள் கண்ட வழி நம் ரயில்வேக்காரர்களுக்குப் புரியும். ஒவ்வொரு அலைவரிசைக்கும் பலகையில் ஒரே ஒரு கிளிப். அதை எடுத்தவர்தான் ஓட்டலாம். ஒற்றைப் பாதையில் டோக்கன் இல்லாமல் வண்டி நுழைய முடியாதல்லவா, அதே சட்டம்! இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ தானாகவே வழி பிரித்துக்கொள்வதால் கிளிப்பின் அவசியம் குறைந்துவிட்டது.

நமக்கு வழி உண்டா?

நம் நாட்டில் இதற்கு நல்ல வாசல் என்.சி.சி. கடற்படைப் பிரிவு. அதில் சேரும் மாணவ மாணவியருக்குக் கப்பல் மாதிரி கட்டுவது பயிற்சிகளில் ஒன்று. அகில இந்திய நவ்சைனிக் முகாமில் அதற்குப் போட்டியும் உண்டு. பிள்ளையின் பள்ளியிலோ கல்லூரியிலோ அந்தப் பிரிவு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கட்டணம் கட்டி வகுப்புக்கு அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் ரம்பம், உப்புத்தாள், சர்க்யூட் எல்லாம் கைக்கு வரும்.

பெரியவர்களுக்கு நாலைந்து பேர் சேர்ந்தாலே போதும். கஷ்டம் பணத்தில் மட்டுமல்ல, தண்ணீரிலும் இருக்கிறது. பூங்காக் குளமோ ஏரியோ, பொறுப்பில் உள்ளவரிடம் முதலில் அனுமதி வாங்க வேண்டும். பவாய் ஏரி அழகுதான், ஆனால் அங்கே முதலைகள் உண்டு. நின்றுபோன படகை எடுக்க இறங்கிவிடாதீர்கள்!

முதல் படகாகப் போர்க்கப்பலைத் தொட வேண்டாம். ஒல்லியான உடல், சீக்கிரம் கவிழும். துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் 'டக்' படகே புதியவருக்கு ஏற்றது. அகலமான வயிறு, பேட்டரி வைக்க இடம், நிதான வேகம். அரை மீட்டரில் கட்டினால் துணி அலசும் பெரிய தொட்டியிலேயே மிதக்கவிட்டுப் பார்க்கலாம். பிறகு நண்பரின் போர்க்கப்பல் பேட்டரி தீர்ந்து குளத்தின் நடுவில் நின்றுவிட்டால், அதைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வருவதும் இந்த டக்தான்.