கிருமிகள் எவ்வாறு வளர்கின்றன, எவ்வாறு அடங்குகின்றன?

நம் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளும் அவர்களை உடனிருந்து பேணும் குடும்பத்தாரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினாக்கள் இரண்டு. “உப்பு பட்ட புண்ணில் கிருமி சேருமா?” என்பது ஒன்று. “இருமல் நின்றுவிட்டதே, இன்னும் ஏன் மாத்திரை?” என்பது மற்றொன்று. கிளியனூரிலிருந்தும் மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஊர்களிலிருந்தும் வருவோருக்கு இவ்விரண்டும் அன்றாட வாழ்வின் வினாக்கள். நுண்ணுயிர்கள் உண்பது, பெருகுவது, தம் இயல்பை மாற்றிக்கொள்வது ஆகியவற்றைச் சிறிது அறிந்தால் இவற்றுக்கு விடை எளிதில் விளங்கும்.

உப்பும் புண்ணும்

கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு. பாத்தியில் நீர் வற்றி உப்பு விளையும் நிலையில் அது 25 விழுக்காட்டைத் தாண்டிவிடும். இத்தகைய நீர், உயிரணுக்களின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். கருவாடும் ஊறுகாயும் கெடாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. ஆயினும் அந்த நீரிலும் வாழ்வன உள்ளன. நன்கு முற்றிய உப்புநீரில் சில வேளைகளில் தோன்றும் இளஞ்சிவப்பு நிறம், உப்பையே விரும்பி வாழும் நுண்ணுயிர்களின் நிறமாகும். இவை மனிதருக்கு நோய் தருவன அல்ல.

நோய் தருவனவற்றுள்ளும் உப்பைத் தாங்குவன உண்டு. கொப்புளம், சீழ்க்கட்டி ஆகியவற்றை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா அவற்றுள் முதன்மையானது. ஆய்வகத்தில் அதைப் பிரித்தறிய 7.5 விழுக்காடு உப்புக் கலந்த ஊடகத்தையே பயன்படுத்துகிறோம். மற்றவை அதில் வளரத் தடுமாற, இது தடையின்றி வளரும். ஆகவே, காலில் வெடிப்போடு பாத்தியில் இறங்குவோர் உப்புநீரே மருந்தாகும் என்று எண்ணுதல் தவறு. வேலை முடிந்ததும் நல்ல நீராலும் சோப்பாலும் காலைக் கழுவித் துடைத்து, தூய துணியால் புண்ணை மூடுதல் வேண்டும். நீரிழிவு உள்ளவர் காலில் சிறு புண் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் நலம். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களின் ஆற்றல் குன்றுகிறது; உணர்ச்சி மங்கிய பாதத்தில் வலியும் தெரிவதில்லை.

உணவும் கழிவும்

நுண்ணுயிரும் உண்கிறது, உண்டதை ஆற்றலாக மாற்றுகிறது, எஞ்சியதை வெளியேற்றுகிறது. இதனை வளர்சிதை மாற்றம் என்பர். இட்லி மாவில் உள்ள பாக்டீரியா மாச்சத்தையும் சர்க்கரையையும் உண்டு அமிலத்தையும் வாயுவையும் வெளியிடுகிறது. அமிலத்தால் மாவு புளிக்கிறது, வாயுவால் பொங்குகிறது. இது நமக்கு நன்மை.

வேறு சில நுண்ணுயிர்கள் வெளியிடுவது நஞ்சு. அறை வெப்பத்தில் நெடுநேரம் கிடந்த சோற்றிலும் கறியிலும் சேரும் சில நஞ்சுகள், உணவை மீண்டும் கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. கிருமி சாகும், அது விட்டுச்சென்ற நஞ்சு நிற்கும். “சூடு காட்டிவிட்டோம், இனிக் கவலையில்லை” என்பது எல்லா வேளைகளிலும் உண்மையாகாது.

இருபது நிமிடமும் இருபது மணியும்

பாக்டீரியா ஒன்று இரண்டாகப் பிளந்து பெருகும். குடலில் வாழும் ஈ. கோலை, நல்ல சூழல் கிடைத்தால் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காலை ஏழு மணிக்கு ஒன்று இருந்தால், பிற்பகல் இரண்டு மணிக்குள் 21 முறை இரட்டித்து இருபது இலட்சத்தைத் தாண்டிவிடும். குளிர்பெட்டி இப்பெருக்கத்தை மந்தப்படுத்துமே தவிர, கிருமியைக் கொல்லாது.

காசநோய்க் கிருமியோ மிக மெதுவாக வளர்வது. அது ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். ஆய்வகத்தில் அதை வளர்த்துக் காண வாரக்கணக்கில் காத்திருக்க நேர்வது இதனால்தான். இக்காலத்தில் சளியிலிருந்து கிருமியின் மரபணுவை நேரடியாகக் கண்டறியும் சோதனை, சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை தருகிறது. ரிஃபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அதே சோதனை காட்டிவிடுகிறது.

மெதுவாக வளர்வதை அழிக்கவும் காலம் வேண்டும். பெரும்பாலான மருந்துகள், உண்டு பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளையே விரைவில் தாக்கும். முதல் சில வாரங்களில் அவை மடிகின்றன. இருமல் குறைகிறது, பசி எடுக்கிறது, உடல் எடை கூடுகிறது. ஆனால் வளர்சிதை மாற்றத்தை ஏறக்குறைய நிறுத்தி உறங்குவன போல் கிடக்கும் சில கிருமிகள் எஞ்சியிருக்கும். மருந்தை இடையில் நிறுத்தினால் இவை விழித்துப் பெருகும். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருந்து என்று வகுத்ததன் காரணம் இது.

கிருமி தன் இயல்பை மாற்றும் விதம்

ஒவ்வொரு முறை பிளவுறும்போதும் கிருமி தன் மரபுப் பொருளைப் படியெடுக்கிறது. அப்படியெடுப்பில் அரிதாகப் பிழை நேரும். அப்பிழைகளுள் ஏதேனும் ஒன்று, ஒரு மருந்தின் பிடியிலிருந்து கிருமியைத் தப்பவிடலாம். ஐசோனியசிட் மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமி, ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒன்று இயல்பாகவே தோன்றும். நுரையீரலில் குழிவிழுந்த ஒருவரின் உடலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை மடிய, அடங்காதவை மட்டும் தனிக்காட்டு அரசாகப் பெருகும். 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினைத் தனித்துக் கொடுத்த காலத்தில் இதுவே நிகழ்ந்தது: தேறிய நோயாளிகள் பலர் மீண்டும் நலிவுற்றனர்.

இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நிலை மாறும். ஒரே கிருமியில் இரண்டு பிழைகளும் ஒருங்கே நேர்தல் மிக மிக அரிது. பல மாத்திரைகளை ஒன்றாகத் தருவதன் பொருள் இதுதான். தமக்கு ஒவ்வாததென்று ஒன்றை மட்டும் தாமே விலக்கிவிடுவோர், எஞ்சிய மருந்தையும் வலுவிழக்கச் செய்கின்றனர். ஒவ்வாமை இருப்பின் எங்களிடம் கூறுங்கள். மாற்று வழி உண்டு.

வேறு பல பாக்டீரியாக்கள், மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பக்கத்திலுள்ள பாக்டீரியாவுக்கே கைமாற்றித் தருவனவும் ஆகும். தேவையின்றி உட்கொள்ளும் ஆன்ட்டிபயாட்டிக் இத்தகையவற்றுக்கே இடமளிக்கிறது. சளிக்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸை அது ஒன்றும் செய்யாது.

சென்னை உலகுக்குக் காட்டியது

காசநோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, சானடோரியத்தில் நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவற்றுடன் வைத்தால்தான் குணமாகும் என்று உலகெங்கும் நம்பிய காலம் இருந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இந்நம்பிக்கையைச் சோதித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இதில் இணைந்திருந்தன. நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றவர் நெருக்கடி மிகுந்த தம் ஏழை வீடுகளிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைப் பெற்றனர்.

1959இல் முடிவு வெளிவந்தது. உணவும் ஓய்வும் குறைந்திருந்தும், வீட்டில் இருந்தோர் சானடோரியத்தில் இருந்தோரைப் பெரிதும் ஒத்த அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்து மருந்துண்டதால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் நேரவில்லை. முறையாக உட்கொண்ட மருந்தே நோயை வென்றது. இன்று நோயாளி தம் மக்களைப் பிரியாமல் வீட்டிலேயே மருந்துண்பதற்கு அந்த ஆய்வு வழிவகுத்தது. அம்மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இல்லத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

• இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்ட உணவுக்கென மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

• சன்னல்களைத் திறந்து வையுங்கள். காற்றோட்டம் கிருமியைச் சிதறடிக்கும். வெயில் அதை அழிக்கும். இருமும்போது வாயைத் துணியால் மூடுங்கள்.

• உணவுக்கு முன்னும், கழிப்பறை சென்ற பின்னும், புண்ணைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். குடிநீரை நன்கு கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுங்கள்.

• மருந்து அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டின்றி அதை உட்கொள்ளலாகாது. மீந்த மாத்திரையை அண்டை வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள்.

• உடனிருப்போர் நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளப்பட்டதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். உப்பள வேலைக்காகவோ வேறு பணிக்காகவோ வெளியூர் செல்ல நேர்ந்தால், முன்னதாகவே தெரிவியுங்கள். செல்லும் ஊரில் மருந்து கிடைக்க ஏற்பாடு செய்து தருவோம்.

இருமல் நிற்பது நோய் தணிந்ததன் அடையாளம் மட்டுமே. மருந்தை எப்போது நிறுத்தலாம் என்பதைச் சளிப் பரிசோதனையும் மருத்துவரும் கூறட்டும்.