பெட்டியின் பலமும் பயிற்சியின் பலமும்

1856-ஆம் ஆண்டு. அல்ஜியர்ஸ் நகரின் பாப் அஸூன் நாடக அரங்கில் அரபுக் குலத் தலைவர்கள் பலர் அமர்ந்திருந்தனர். மேடையில் நின்றவர் ரொபேர் ஊதேன் என்னும் பிரெஞ்சு வித்தைக்காரர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஹூடினி, தம் மேடைப் பெயரையே இவர் பெயரிலிருந்துதான் அமைத்துக்கொண்டார் என்றால் இவரது சிறப்பை வாசகர்கள் உணரலாம்.

சிறிய பெட்டி ஒன்றை முன்வைத்து, வலிமை மிக்க ஒருவரை அழைத்தார் ஊதேன். கட்டான உடல் கொண்ட அரபியர் ஒருவர் மேடையேறிப் பெட்டியை எளிதாகத் தூக்கினார், 'இவ்வளவுதானா?' என்பது போல் ஏளனமாகப் பார்த்தார். உம் பலத்தைப் பறித்துவிட்டேன் என்று கூறிக் கையசைத்தார் ஊதேன். அதன்பின் எவ்வளவு முயன்றும் பெட்டி இம்மியும் அசையவில்லை. மீண்டும் மீண்டும் இழுத்தவர் திடீரென அலறி மண்டியிட்டார். கைகள் விடுபட்டதும் அரங்கை விட்டே ஓடிவிட்டார்.

நடந்தது என்ன? பெட்டியின் அடியில் இரும்புத் தகடு. மேடையின் அடியில் மின்காந்தம். சைகை கிடைத்ததும் மறைவிலிருந்த உதவியாள் மின்சாரத்தைப் பாய்ச்ச, காந்தம் பெட்டியைப் பற்றிக்கொண்டது. அலறலுக்குக் காரணம், கைப்பிடிகள் வழியே செலுத்தப்பட்ட மின் அதிர்ச்சி.

இது வெறும் கேளிக்கைக்காக நடந்ததன்று. 1830-இல் அல்ஜியர்ஸைக் கைப்பற்றிய பிரெஞ்சு அரசு, அமீர் அப்துல் காதிரின் எதிர்ப்பு 1847-இல் ஓய்ந்த பின்னரும், 'மராபூத்' எனப்பட்ட சமயப் பெரியோரின் செல்வாக்கைக் கண்டு அஞ்சியது. அவர்கள் காட்டுவதாகச் சொல்லப்பட்ட அற்புதங்களை விஞ்சும் ஆற்றல் பிரெஞ்சுக்காரரிடம் உண்டு என்று காட்டவே ஊதேன் அனுப்பப்பட்டார். இவ்விவரங்கள் அவரே பின்னர் எழுதிய நினைவு நூலில் உள்ளவை. தம் வெற்றியைத் தாமே எழுதும்போது எவருக்கும் பேனா சற்றுத் தாராளமாகவே ஓடும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இதனைப் படித்து, 'பாவம், அறியாத அரபிகள்!' என்று இரங்குவோர் உண்டு. அவ்விரக்கம் தேவையற்றது. இதே பெட்டியைக் கண்டு பாரிஸ் மக்களும் முன்னர் வாய்பிளந்தவர்களே. அங்கு அது பொழுதுபோக்கு. இங்கோ அது ஒரு சமுதாயத்தின் நெஞ்சுரத்தைக் குலைக்கும் ஆயுதமாயிற்று. தான் எதனோடு மல்லுக்கட்டுகிறோம் என்றே அறியாத மனிதருக்கு மின் அதிர்ச்சி கொடுத்ததை வித்தை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய கருவிகளின் ஆயுளும் குறுகியதே. மின்காந்தத்தைப் பற்றிப் பொதுமக்கள் அறியத் தொடங்கியதும் ஊதேனுக்குக் கவலை பிறந்தது. பார்ப்போரின் கருத்தைத் திசைதிருப்ப, அதே பெட்டியைக் கயிற்றில் கட்டிக் கப்பி வழியே தொங்கவிடும் புதிய காட்சியைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

ஆயின் இவரிடம் இன்னொரு செல்வமும் இருந்தது. 1846-இல் இவரும் இவர் மகன் எமிலும் பாரிஸில் நிகழ்த்திய 'இரண்டாம் பார்வை' என்னும் காட்சியில், தந்தை அவையோரிடம் பெற்ற பொருள்களை, கண்கள் கட்டப்பட்ட மகன் மேடையிலிருந்தே விவரித்தான். இருவருக்குமிடையே மறைவான சங்கேதம் இருந்தது உண்மையே. எனினும் சங்கேதம் மட்டும் போதுமா? அதற்காக அவர்கள் செய்த பயிற்சியைக் கேளுங்கள்.

முதலில் புள்ளிகள் பொறித்த டோமினோ கட்டை ஒன்றைப் பார்த்து, எண்ணாமலே ஒரே பார்வையில் புள்ளிகளைச் சொல்லப் பழகினர். நாள்தோறும் கட்டைகளைக் கூட்டிப் பன்னிரண்டு வரை சென்றனர். பின்னர்ப் பொம்மைக் கடையொன்றின் முன்னே விரைந்து நடந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று கண்ட பொருள்களைத் தாளில் எழுதினர். தந்தைக்கு முப்பது எட்டுவதே அரிதாயிருக்க, மகனோ பெரும்பாலும் நாற்பது எழுதினான்! அயல்மொழி எழுத்துகள், நாணயங்கள், அறுவை மருத்துவக் கருவிகளின் பெயர்கள் எனக் கற்றவை பல. குர்ஆனை மனனம் செய்யும் சிறுவர்களோடு பல்லாண்டுகள் அமர்ந்த எனக்கு இது வியப்பூட்டவில்லை. தந்தை மகனிடம் தோற்றதுதான் இனித்தது. நாற்பது வயதில் பாடம் ஏறுவதும் பத்து வயதில் ஏறுவதும் ஒன்றல்லவே.

பெட்டியின் சூட்சுமத்தைச் சொன்னதும் வியப்பு அகன்றுவிடுகிறது. இந்தப் பயிற்சியைச் சொல்லச் சொல்லவோ வியப்பு கூடுகிறது.

அல்ஜியர்ஸ் காட்சிகளுக்குப் பின்னர், இவையெல்லாம் சூனியமல்ல, கைத்திறனே என்று மொழிபெயர்ப்பாளர்கள் வாயிலாக அரபியருக்கு விளக்கப்பட்டது. அதன்பின் தலைவர்கள் தங்கள் முத்திரைகளைப் பதித்த பாராட்டுப் பத்திரம் ஒன்றை ஊதேனுக்கு வழங்கினர். உண்மையை அறிந்த பின்னரும் திறமையைப் போற்றிய அப்பெருந்தன்மையை ஈண்டுக் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை.

இளமையில் ஊதேன் நான்கு பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கக் கற்றார். கைகள் பழகியதும் எதிரே ஒரு புத்தகத்தை விரித்துவைத்து, பந்துகள் பறக்கப் பறக்கப் படித்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, நினைவு நூலில் இதை எழுதும்போது மீண்டும் முயன்று பார்த்தாராம். இடையில் பந்துகளை ஏறத்தாழத் தொட்டதே இல்லை. மூன்று பந்துகள் பறந்துகொண்டிருக்க, தடையின்றிப் படிக்க முடிந்தது.