நீர்மேல் கட்டிய வீடு



காட்டு வாத்துகள் எங்ஙனம் குஞ்சு பேணுகின்றன என மாணவர் என்னை வினவுவதுண்டு. குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வந்து செல்லும் வரித்தலை வாத்து, திபெத்து, லடாக்கு ஆகிய உயர்நிலங்களின் ஏரிக்கரைகளிலே முட்டையிடுவது. பெட்டை அடைகாக்க, ஆண் காவல் நிற்கும். பொரித்த குஞ்சுகள் விரைவிலேயே தாமே நீந்தித் தாமே மேயும். அக்காட்சியை நாம் நுவரெலியாவிலோ அட்டனிலோ காணுதல் இயலாது. ஆயினும், பலர் வாத்துக்குஞ்சென்றே மயங்கும் வேறொரு பறவை நம் மலைநாட்டிலே குடும்பம் நடத்துகின்றது. அதுவே முக்குளிப்பான்.

தேசாதிபதி கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டு அமைந்த நுவரெலியா வாவியிலும், தேயிலைத் தோட்டங்களின் நாணல் சூழ்ந்த குளங்களிலும் அதனைக் காணலாம். புறாவளவே உடல், வாலோ இல்லையென்றே சொல்லலாம். கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருத்தலால், மூழ்கி மீன் பிடிப்பதில் வல்லது, தரையிலோ தள்ளாடும். நடக்க மாட்டாத பறவை கரையிலே கூடு கட்டுமா? நீரிலேயே கட்டுகின்றது.

ஆணும் பெண்ணும் நீர்ப்பாசியையும் அழுகிய தண்டுகளையும் குவித்து, நாணலோடு பிணைத்து, மிதக்கும் மேடையொன்று அமைக்கும். மழையால் நீர் சற்று உயரின், கூடும் உடன் உயரும். முட்டைகள் முதலில் வெண்மை. ஈரத்தழையின் கறையேறிப் பின்னர் பழுப்பாகும். ஏறக்குறைய மூன்று வாரம் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். ஆள் அரவம் கேட்டால், அலகினால் தழையை இழுத்து முட்டைகளை மூடிவிட்டு, ஓசையின்றி நீருள் மறைந்துவிடும். பொரித்த வரிக்குஞ்சுகள் தாய் தந்தையரின் முதுகிலேறிச் சிறகுக்குள் ஒடுங்கித் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு பயணஞ் செய்யும். தோணியும் தொட்டிலும் ஒன்றேயான இவ்வேற்பாட்டைக் கண்டு நகையாதார் அரியர்.

முட்டையை மூடும் அத்தந்திரமே சிலவேளை கேடாகவும் முடிகின்றது. காகத்தின் கண்ணுக்குத் தப்பும் கூடு, மனிதர் கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றுகின்றது. தோட்டக் குளமொன்றிலே பாசி அகற்றும் சிரமதானத்துக்கு மாணவரை அழைத்துச் சென்றிருந்தேன். ஒரு சிறுவன் கழியால் இழுத்த குவியல் கவிழ்ந்தது. நான்கு முட்டைகள் நீருள் வீழ்ந்தன. முன்னரே நோக்கிச் சொல்லாத பிழை என்னுடையதே. நாணல் ஓரத்தை விட்டுவிடுமாறு கூறிப் பணியை நிறுத்தினேன். பத்து நாட்களின் பின் சென்றபோது, அதே ஓரத்தில் புதிய குவியலொன்று மிதந்தது. அதன்மேல் ஒரு பறவை அமர்ந்திருந்தது.