‘பிள்ளைதான் பெத்தாச்சே... இனி கர்ப்பப்பை எதுக்கு?’ 45 வயதுக்கு மேல் ஃபைப்ராய்டு கட்டி. ஆபரேஷன் மட்டும்தான் வழியா?

என் தோழி ஒருத்திக்கு வயது 47. பள்ளி ஆசிரியை. இரண்டு வருடங்களாக அவள் வெளிர் நிறப் புடவை கட்டவே இல்லை. கைப்பையில் எப்போதும் ஒரு மாற்றுப் புடவை இருக்கும். மாதவிடாய் நாள்களில் நாற்காலியில் உட்காரப் பயந்து, நாள் முழுக்க நின்றபடியே பாடம் எடுப்பாள். ‘நிக்கப்போற நேரம்... எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்’ என்று மற்றவர்கள் சொன்னதை நம்பி, அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பள்ளி மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் டாக்டரிடம் போனாள். ஹீமோகுளோபின் 7.4. ஸ்கேனில், கர்ப்பப்பையில் 5 சென்டிமீட்டர் கட்டி. ரிப்போர்ட்டைப் புரட்டிய டாக்டர், ‘கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா’ என்றார். வீட்டிலும் மாமியார், நாத்தனார் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: ‘பிள்ளைதான் பெத்தாச்சே, இனி அது எதுக்கு?’

அன்றிரவு எனக்கு போன் செய்தாள். ‘ஆபரேஷனுக்கு நான் பயப்படலை. ஆனா, இது ஒண்ணுதான் வழியானு யார்கிட்ட கேக்கிறது?’

அவளைப்போலக் கேட்கத் தயங்கி நிற்கும் பெண்கள் நிறைய பேர். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கட்டி என்றால் கேன்சரா?

இல்லை. ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையின் தசையிலிருந்து வளரும் நார்த்திசுக் கட்டி. புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 50 வயதுக்குள் பத்தில் ஏழு பெண்களுக்கு மேல் இந்தக் கட்டி வந்திருக்கும் என்று தெரியவந்தது. அவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும்.

இந்தக் கட்டிக்கு உரம், ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன். மாதவிடாய் நின்று அந்த ஹார்மோன் குறைந்ததும், பெரும்பாலான கட்டிகள் தானாகவே சுருங்கத் தொடங்கும். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு இது நல்ல செய்தி. தொந்தரவு இல்லாவிட்டால், டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும். அதுவும் ஒரு சிகிச்சை முறைதான்.

அளவைவிட இடம் முக்கியம்

‘எத்தனை சென்டிமீட்டர்?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதைவிட முக்கியமானது, ‘எங்கே இருக்கிறது?’ என்பது. கர்ப்பப்பையின் உட்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் 2 சென்டிமீட்டர் கட்டி, கடுமையான ரத்தப்போக்கைத் தரலாம். வெளிப்புறச் சுவரில் இருக்கும் 6 சென்டிமீட்டர் கட்டி, சத்தமே இல்லாமல் இருக்கலாம். சுவருக்குள் புதைந்திருப்பது மூன்றாவது வகை. பெரிதாகிச் சிறுநீர்ப்பையை அழுத்தினால் அடிக்கடி சிறுநீர் வரும். மலக்குடலை அழுத்தினால் மலச்சிக்கல் வரும்.

பொறுத்துக்கொள்வது தீர்வல்ல

அவசரப்பட்டு ஆபரேஷன் செய்வது ஒரு தவறு என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது இன்னொரு தவறு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தால், கட்டி கட்டியாக ரத்தம் போனால், ஏழு நாள்களுக்கு மேல் நீடித்தால், அது ‘வயசுக் கோளாறு’ அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதிக ரத்தப்போக்கும் சேர்ந்துகொண்டால் உடல் எப்படித் தாங்கும்? களைப்பு, படபடப்பு, முடி கொட்டுவது எல்லாவற்றையும் வேலைச்சுமை என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம்.

எனவே, எந்த முடிவாக இருந்தாலும், முதலில் ஹீமோகுளோபினை ஏற்ற வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயுடன் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. அவை சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் ஊசி இருக்கிறது.

என்னென்ன வழிகள்?

மாத்திரைகள்: ரத்தப்போக்கு நாள்களில் மட்டும் எடுக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட், போக்கைக் குறைக்கும். கட்டியைக் கரைக்காது. ரத்தம் உறையும் பிரச்னை இருந்தவர்கள் இதை எடுக்கக் கூடாது என்பதால், கடையில் தானாக வாங்க வேண்டாம்.

ஹார்மோன் காயில்: காப்பர் டி போலவே கர்ப்பப்பைக்குள் பொருத்துவது. இதிலிருந்து கசியும் ஹார்மோன், உள்சவ்வை மெலிதாக்கி ரத்தப்போக்கைக் குறைக்கும். ஐந்து வருடங்கள் வரை பலன் தரும் என்பதால், மாதவிடாய் நிற்கும்வரை சமாளிக்கப் பலருக்கு இது கைகொடுக்கிறது. முதல் சில மாதங்கள் அவ்வப்போது திட்டுத்திட்டாகப் படலாம். கட்டி உட்புறத்தைக் கோணலாக்கியிருந்தால் இது சரிவராது.

ஹார்மோன் ஊசி: கட்டியைச் சுருக்கும். ஆனால் எலும்பின் வலுவைக் குறைக்கும் என்பதால், பொதுவாகச் சில மாதங்களுக்குத்தான். நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரலாம்.

கட்டியை மட்டும் எடுப்பது: உட்புறக் கட்டி என்றால், வயிற்றில் கீறலே இல்லாமல் ஹிஸ்டரோஸ்கோப்பி மூலம் எடுக்க முடியும். மற்றவற்றை லேப்ராஸ்கோப்பி அல்லது வயிற்றைத் திறந்து எடுப்பார்கள்.

ரத்த ஓட்டத்தை அடைப்பது: தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துவிடுவார்கள். கட்டி சில மாதங்களில் சுருங்கும். முதல் சில நாள்கள் வலி இருக்கும். ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் மறுபடியும் சிகிச்சை தேவைப்படலாம். பெரிய நகரங்களில் இந்த வசதி இருக்கிறது.

கர்ப்பப்பையை நீக்குவது: கட்டி மறுபடி வராது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே வழி இதுதான். லேப்ராஸ்கோப்பி என்றால் சில வாரங்களில் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம். வயிற்றைத் திறந்து செய்தால் ஆறு வாரங்களாவது ஓய்வு வேண்டும். சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப்போகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். மாதவிடாய் நிற்கும் முன்பே அவற்றை எடுத்தால், மெனோபாஸ் ஒரே நாளில் வந்து நிற்கும். எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம்.

கர்ப்பப்பை நீக்கம் தேவையில்லாமல் செய்யப்படுவதைத் தடுக்க, மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. ஆகவே, ‘வேறு டாக்டரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்ல நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

டாக்டரிடம் கேளுங்கள்

* கட்டி எந்த இடத்தில் இருக்கிறது? என் தொந்தரவுக்கு அதுதான் காரணமா?

* இப்போதைக்கு எதுவும் செய்யாமல் கவனித்தால் என்ன ஆகும்?

* கர்ப்பப்பையை எடுக்காமல் எனக்குப் பொருந்தும் வழி எது? பொருந்தாது என்றால், ஏன்?

* உள்சவ்வுப் பரிசோதனை தேவையா? (45 வயதுக்கு மேல் அதிக ரத்தப்போக்கு என்றால் இது முக்கியம்.)

* செலவு எவ்வளவு, காப்பீட்டில் வருமா?

தாமதிக்கக் கூடாத நேரம்

மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், உடனே டாக்டரைப் பாருங்கள். நின்ற பிறகும் கட்டி வளர்ந்தால், அதையும் ‘ஃபைப்ராய்டுதானே’ என்று விடக் கூடாது. ‘கட்டியைக் கரைக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் கஷாயங்களை நம்பி மாதங்களைக் கடத்தவும் வேண்டாம்.

என் தோழி இரண்டாவதாக ஒரு டாக்டரைப் பார்த்தாள். அவளுடைய கட்டி சுவருக்குள் இருந்தது, உட்புறம் கோணவில்லை. உள்சவ்வுப் பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை. இரும்புச்சத்து ஊசியும் ஹார்மோன் காயிலும் போதும் என்று முடிவானது. ஒரு வருடம் ஆகிறது. ஹீமோகுளோபின் இப்போது 11.8.

அவளுடைய அண்ணிக்குக் கதை வேறு. பல கட்டிகள், மருந்துக்கு அடங்காத ரத்தப்போக்கு. எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார். ‘பத்து வருஷம் முன்னாடியே பண்ணியிருக்கலாம்’ என்கிறார் சிரித்தபடி.

இருவர் எடுத்ததும் சரியான முடிவுதான். ஏனென்றால், இரண்டு பேருமே விவரம் தெரிந்து, தாங்களே எடுத்த முடிவு அது.

போன வாரம் தோழி ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். பள்ளி ஆண்டு விழா. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கட்டியிருந்தது, வெள்ளையில் இளம் மஞ்சள் கரை போட்ட புடவை.