எஞ்சின் விளக்கு எரிந்தால்: அணைக்க முன் வாசியுங்கள்

அம்மாவின் திவசத்துக்கு வவுனியா போக வேண்டியிருந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம், கல்கிசைச் சந்தியில் சிக்னலுக்கு நின்றபோது காரின் முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. எஞ்சின் வடிவத்தில் ஒரு சின்னப் படம். கூடவே எஞ்சினும் இலேசாக நடுங்கியது.

எங்கள் வயதுத் தமிழருக்கு வாகனம் வழியில் நிற்பது என்றால் வேறொரு பயமும் சேர்ந்தே வரும். 2006 தொடக்கம் 2009 வரை காலி வீதியில் ஒரு கார் போனட்டைத் திறந்தபடி நின்றால், உதவிக்கு ஆள் வர முன் சோதனைக்கு ஆள் வரும். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, எங்கே போகிறாய், ஏன் இங்கே நின்றாய் என்ற கேள்விகள். அந்தக் காலம் போய்விட்டது. ஆனாலும் அந்த விளக்கைக் கண்டதும் வயிறு கலங்கத்தான் செய்தது.

பக்கத்திலிருந்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் போனட்டைக்கூடத் திறக்கவில்லை. "கொயில் மூன்றையும் மாற்ற வேண்டும். காசு இல்லையென்றால் பற்றரி வயரைக் கழற்றி லைட்டை அணைத்துத் தருகிறேன்" என்றார். அவர் சொன்ன தொகை என் அரை மாதச் சம்பளம். கடைக்குப் போய் வரக் காணுமான சிங்களம் எனக்குத் தெரியும். எஞ்சினைப் பற்றி வாதாடக் காணாது. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்து, வெள்ளவத்தையில் இருக்கும் மருமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மாமா, லைட்டை அணைக்க விடாதேங்கோ. அது என்ன சொல்லுது எண்டு முதல்ல வாசிப்பம்" என்றான். இரவு எட்டு மணிக்குத் தீப்பெட்டி அளவான ஒரு கருவியோடு வந்தான்.

அன்று நான் கற்றதை இங்கே எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. விலை இன்னும் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. பழைய காரைக் காப்பாற்றி ஓடுவதுதான் எங்களுக்குள்ள வழி.

விளக்கின் நிறத்தைப் பாருங்கள்

மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்தால் பதற வேண்டாம். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி ஏதோ ஒரு குறையைக் கண்டு எழுதி வைத்திருக்கிறது என்பதே அதன் பொருள். வண்டியை மெதுவாக வீட்டுக்குக் கொண்டு வரலாம். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் புகைக்குழாய்க்குப் போகிறது. அது அங்குள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சுட்டுப் பழுதாக்கும். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் குவளையோ வெப்பமானியோ தெரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். அவை இந்தக் கட்டுரையில் சொல்லும் விளக்கு அல்ல.

குறியீட்டை வாசிப்பது எப்படி

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் பக்கத்தில், 16 துளைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் சொக்கற் இருக்கும். ஓ.பி.டி. 2 என்று அதற்குப் பெயர். 1996இலிருந்து அமெரிக்காவிலும், 2001இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பெற்றோல் கார்களுக்கும் அது கட்டாயமானது. ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்த சில பழைய கார்கள் மட்டும் இந்த முறைக்கு ஒத்துவராது.

அந்தச் சொக்கற்றில் மாட்டும் புளூடூத் கருவியை ஈ.எல்.எம். 327 என்று கேட்டு வாங்கலாம். விலை சில ஆயிரம் ரூபாதான். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒன்றை வாங்கினாலும் போதும். கருவியை மாட்டி, திறப்பை எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் நிலைக்கு முந்தின நிலையில் வையுங்கள். கைபேசியில் புளூடூத்தை இணைக்கும்போது இரகசிய எண் கேட்டால் பெரும்பாலும் 1234 அல்லது 0000. பிறகு இலவசச் செயலி ஒன்றில் குறைகளை வாசிக்கச் சொன்னால், ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் வரும்.

எழுத்து 'பி' என்றால் குறை எஞ்சின் அல்லது கியர்ப்பெட்டியில். அடுத்த இலக்கம் பூச்சியம் என்றால் எல்லாக் கம்பனிக்கும் பொதுவான குறியீடு. அதற்கடுத்த இலக்கம் பகுதியைக் காட்டும்: 1, 2 என்றால் எரிபொருளும் காற்றும், 3 என்றால் தீப்பொறி, 4 என்றால் புகைக் கட்டுப்பாடு, 7 என்றால் கியர். பி0171 காற்றுக்கு ஏற்ற அளவு பெற்றோல் இல்லை என்கிறது. பி0420 கற்றலிற்றிக் கொன்வேட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிறது. சில கார்களில் பெற்றோல் மூடியை இறுக்கி மூடாவிட்டால் பி0455 வரும்.

எங்களுக்கு வந்தது பி0302. இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை.

குறியீடு பொருளின் பெயர் அல்ல

பலர் ஏமாறும் இடம் இதுதான். குறியீடு எங்கே நோகிறது என்று சொல்லும், ஏன் நோகிறது என்று சொல்லாது. இரண்டாவது சிலிண்டர் எரியாததற்குக் கொயில், பிளக், இன்ஜெக்டர், வயர் எதுவும் காரணமாகலாம்.

மருமகன் குறியீட்டைப் படம் எடுத்தான். எஞ்சின் ஆறியிருந்தது. திறப்பைக் கழற்றிவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் கொயிலை முதலாவதற்கும், முதலாவதை இரண்டாவதற்கும் மாற்றிப் போட்டான். பிறகு குறியீட்டை அழித்து, கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று ஓடி வந்தோம். கொயில்தான் பழுதென்றால் இப்போது பி0301 வரவேண்டும், பழுது கொயிலோடு இடம் மாறியிருக்கும். திரும்பவும் பி0302 தான் வந்தது. ஆக, கொயில் நல்லது. பிளக்கையும் அப்படியே மாற்றிப் பார்த்தோம். அதுவும் நல்லது.

கடைசியில் ரோர்ச் அடித்துப் பார்த்தபோது, இரண்டாவது கொயிலுக்கு வரும் வயரின் முனையில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. கல்கிசையில் கடலுக்குப் பக்கத்தில் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். உப்புக் காற்று யன்னல் கம்பியைத் தின்பதுபோல வயர் முனையையும் தின்னும். மின்னிணைப்புத் துப்புரவாக்கும் ஸ்பிரே அடித்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, காயவிட்டு மாட்டினோம். நடுக்கம் நின்றது.

எப்போது அழிக்கலாம்?

பழுதைத் திருத்திய பிறகு. செயலியிலேயே குறியீட்டை அழிக்கும் பொத்தான் இருக்கும். அழிக்காவிட்டாலும், பழுது உண்மையிலேயே நீங்கியிருந்தால் மூன்று நல்ல ஓட்டங்களுக்குப் பிறகு விளக்கு தானாக அணைந்துவிடும். திருத்தாமல் அழித்தால் திரும்பி வரும். அதைவிட மோசம், பழுது வந்த நேரத்து வேகம், எஞ்சின் சூடு போன்று கணினி சேமித்த விபரங்களும் அத்தோடு அழிந்துவிடும். பற்றரி வயரைக் கழற்றினாலும் இதுதான் நடக்கும். பிறகு பார்க்கும் மெக்கானிக்குக்குக் கையில் ஒன்றும் இராது. வருமான அனுமதிப் பத்திரத்துக்கு வருடா வருடம் எடுக்கும் புகைப் பரிசோதனையிலும் விளக்கை அணைத்துத் தப்ப முடியாது. அங்கே அளப்பது புகையை.

வீட்டில் செய்யக்கூடாததும் உண்டு. ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் நிற வயரைத் தொடாதீர்கள். அது உயர் மின்னழுத்தம். எயார்பாக், பிரேக் குறைகளைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஆனால் எந்தக் கராஜுக்குப் போனாலும் குறியீட்டை எழுதிக்கொண்டு போங்கள். பி0302 சிங்களத்திலும் பி0302 தான். மொழி தெரியாதவன் என்று உங்களிடம் மூன்று கொயில் விற்க முடியாது.

எங்களுக்கு இது முற்றிலும் புதிய பாடமும் அல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஓட்டியவர்கள் நாங்கள். பாகங்கள் கிடைக்காததால், எது பழுது என்று தெரியாமல் எதையும் கழற்றி எறியவில்லை.

மறுநாள் விடிய வெள்ளன நாலு மணிக்குப் புறப்பட்டோம். புத்தளம், அனுராதபுரம் தாண்டி வவுனியா வரை விளக்கு எரியவில்லை. ஐயர் வருவதற்கு முன் வீட்டில் நின்றோம். அந்தக் கருவி இப்போது என் காரின் லாச்சிக்குள் இருக்கிறது. பக்கத்து வீட்டார் கேட்டால் கொடுக்கிறேன். குறியீட்டை எழுதாமல் அழிக்கக்கூடாது என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.